முனியாண்டி முன்னால் இறங்கிய டிரைவர்

தன்னைத் தானே நல்லவன் என்று பேனர் அடித்துக் கட்டிக்கொள்கிறவன் பக்கத்தில் நிற்கும்போது கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது அம்சவள்ளி அக்காவின் கொள்கை. புக்கிட் பெலிம்பிங்குக்குள் எங்கள் கார் நுழைந்ததும் அப்படி ஒரு பேனர் கைகூப்பி வரவேற்றது. லோரி முதலாளியும் கோயில் தலைவருமான சுப்பிரமணியம், கழுத்தில் மாலையோடு ஊருக்கே தீபாவளி வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தீபாவளி போயி பொங்கலும் போயிருச்சு. இன்னும் வாழ்த்திக்கிட்டே இருக்காரே," என்றேன்.

"கழட்டக் கூலி கொடுக்கணும்ல," என்றார் அக்கா.

அக்கா ரவாங்கில் இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர். எரியாத கடைக்கும் சாகாத மாமனாருக்கும் பணம் கேட்டவர்களைப் பார்த்துப் பார்த்து, மனித குலத்தின் மேல் அவருக்கு மரியாதை குறைந்துவிட்டது. இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் குகன். அவருக்கு உதவியாளன், டிரைவர், தேவைப்பட்டால் வாய்.

அன்று வெள்ளிக்கிழமை. காலையிலேயே பிரமிளா என்ற பெண் போன் செய்து அழுதிருந்தாள். அவள் கணவன் மகேந்திரன், சுப்பிரமணியத்திடம் லோரி ஓட்டுகிறான். தோட்டத்தில் வெட்டிய செம்பனைக் குலைகளை ஏற்றி எண்ணெய் ஆலையில் கொட்டும் வேலை. முன்னொரு முதலாளி கடத்திய சிகரெட்டுப் பெட்டிகள் அவன் ஓட்டிய லோரியில் பிடிபட, முதலாளி வீட்டுக்கும் இவன் ஜெயிலுக்கும் போனார்கள். பாதித் தண்டனையை உள்ளே கழித்தாயிற்று. மீதிக்குப் பரோல். பொழுது சாய்ந்தால் வீட்டில் இருக்க வேண்டும், கோல சிலாங்கூர் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. மீறினால் திரும்பவும் உள்ளே.

அன்று விடிவதற்கு முன்னால் அவனுடைய லோரி தோட்டத்துக்குள் போய், மேடையில் அடுக்கி வைத்திருந்த குலைகளை அள்ளிக்கொண்டு போயிருந்தது. கேட்டில் காவல் இருக்கும் தோட்டத்து ஜாகா பார்த்துவிட்டார். சுப்பிரமணியம் உடனே பரோல் அதிகாரிக்குப் போன் செய்துவிட்டார். மத்தியானம் அதிகாரி முதலாளியிடம் வாக்குமூலம் வாங்க வருகிறார். அது அப்படியே நின்றால் மகேந்திரன் இரவுச் சாப்பாட்டை ஜெயிலில் சாப்பிட வேண்டியதுதான்.

"குலை திருடு போனா மனுஷன் போலீசுக்குத்தானே போவான்," என்றார் அக்கா. "இவரு ஏன் பரோல் ஆபீசுக்குப் போன் போட்டாரு?"

"நம்பர் ஈசியா இருந்திருக்கும்."

"போலீஸ்னா யாரு திருடினான்னு தேடும். பரோல்ல தேடவே வேணாம். ஆளு ரெடியா இருக்கான்."

மகேந்திரன் வீட்டுக் கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். ஒட்டிய கன்னம், மழிக்காத தாடி. அந்த முகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதாக இருந்தால் நானே உள்ளே தள்ளியிருப்பேன். பிரமிளா எங்களுக்கு வரக்கோப்பி கொண்டு வந்து வைத்தாள்.

"நான் வீட்டுலதான் படுத்திருந்தேன்," என்றான் மகேந்திரன். "விடிஞ்சு வேலைக்குப் போனா, பாஸ் கேட் வாசல்லயே நிறுத்தி 'வீட்டுக்குப் போ, வெளிய வராத'ன்னுட்டாரு. இவ சொல்லுற சாட்சி செல்லாதாம். பொண்டாட்டியாம்."

"ஜாகா உன் மூஞ்சியைப் பாத்தாரா?"

"பாக்கல. துண்டைத் தலையில போட்டிருந்தானாம். ஆனா முனியாண்டி கோயில்கிட்ட நிறுத்தி இறங்குனானாம். டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சு, லோரிக்கு மாலை போட்டு, மூணு ஹாரன் அடிச்சானாம். வெள்ளிக்கிழமைன்னா நான் அப்படித்தான் செய்வேன். ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரிந்ததற்குக் காரணம் சுப்பிரமணியம்தான். ஜெயிலில் இருந்து வந்தவனுக்கு வேலை கொடுத்த புண்ணியத்தை அவர் சும்மா விடவில்லை. பத்திரிகைக்காரர்களை அழைத்து, மகேந்திரன் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கும்போது அவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் பத்திரிகையில் வந்தது, பிறகு பேனரிலும் வந்தது.

அக்கா சுவரோரம் இருந்த சாமி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு ஏற்றவில்லை. படங்களில் வாடிய பூ.

"வெள்ளிக்கிழமை விளக்கேத்தலியாம்மா?"

பிரமிளா கணவனைப் பார்த்தாள். அக்கா அவளைக் கையைப் பிடித்துக் குசினிக்குள் அழைத்துப் போனார். கொஞ்ச நேரம் கிசுகிசுவென்று பேச்சு. வெளியே வந்தபோது அக்காவின் முகத்தில், பொய்க் கோரிக்கையில் தேதி இடிப்பதைக் கண்டுபிடித்தால் வருமே, அந்தச் சிரிப்பு.

"மகேந்திரன், இதை உங்க பாஸ்கிட்ட சொன்னியா?"

"அன்னிக்கே சொல்லத்தான் போனேன். போன்ல பேசிக்கிட்டு இருந்தாரு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள கையை ஆட்டிப் போன்னுட்டாரு."

"போன வெள்ளிக்கிழமை காலையில எங்க இருந்த?"

அவன் சொன்னான். அக்கா தலையாட்டிவிட்டு எழுந்தார். "மத்தியானம் ரெண்டு பேரும் லோரி யார்டுக்கு வந்துருங்க."

காரில் ஏறியதும், "என்னக்கா, எதை பாஸ்கிட்ட சொன்னானாம்?" என்றேன்.

"வண்டியை ஓட்டு."

துப்பறிகிறவர்களின் மிகக் கெட்ட பழக்கம் இது. உதவியாளனிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முனியாண்டி கோயில் தோட்டத்து முச்சந்தியில் ஒரு மரத்தடியில் இருந்தது. முனியாண்டி அரிவாளோடு உட்கார்ந்து எங்களை முறைத்தார். தரையில் நசுங்கிய எலுமிச்சம்பழம், உதிர்ந்த செவ்வந்தி இதழ்கள். ஜாகா சிவானந்தம் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் எங்களுக்காகக் காத்திருந்தார். அவர் பாசிர் பெனம்பாங்கில் இருந்து வருகிறவர். இரவில் கேட்டில் உட்கார்ந்துவிட்டு விடிந்ததும் போய்விடுவார். தோட்டத்தில் யாரோடும் ஒட்டு உறவு இல்லை.

"மூஞ்சி தெரியலம்மா. இருட்டு. ஆனா நல்லா நிதானமா கும்பிட்டான். மாலையை எடுத்து நம்ம பக்கமா காட்டிக் காட்டிப் போட்டான். மூணு ஹாரன். அதான் பேப்பர்ல வந்த ஆளுன்னு நினைச்சேன்."

"திருட வந்தவன் ஹாரன் அடிச்சான்," என்றேன். "அடுத்த தடவை மைக் வெச்சு அறிவிப்பு செய்வான் போல."

சிவானந்தத்துக்கு அப்போதுதான் அது உறைத்தது.

"உங்களுக்கு மகேந்திரன் வீட்டு விஷயம் ஏதாச்சும் தெரியுமா அண்ணே?" என்று கேட்டார் அக்கா.

"எனக்கு அந்த ஆளையே தெரியாதும்மா. படத்துல பாத்ததுதான். ஆனா குலை காணாமப் போறது மட்டும் ரொம்ப நாளா நடக்குது."

அடுத்தது யார்டு. மகேந்திரனின் லோரி ஓரமாக நின்றது. முதுகில் குலை அள்ளும் இரும்புக் கை, நெற்றியில் புத்தம்புது செவ்வந்தி மாலை, பம்பரில் மூன்று குங்குமப் பொட்டு. கல்யாண வீட்டுக் கார்கூட அத்தனை அலங்காரத்தோடு நிற்காது. இராவில் சாவி எங்கே தொங்கும் என்பது மகேந்திரனைத் தவிர இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் முதலாளி. இன்னொருவர் யார்டைப் பார்த்துக்கொள்ளும் இராமையா. ஐம்பது வயது, உரம் ஏறிய கைகள், லோரியும் நன்றாக ஓட்டுவார். எனக்கு அவரைப் பார்த்ததுமே சந்தேகம்.

அக்கா அவரிடம் சாவியைப் பற்றியே கேட்கவில்லை.

"மகேந்திரன் காலையில இருந்து சாப்பிடலியாம்," என்றார். "சாப்பாட்டுக் கடையில கோழிப் பெரட்டல் வாங்கிக்கிட்டுப் போலாம்னு பாக்கிறேன். சாப்பிடுவானா?"

இராமையா பதறிவிட்டார். "ஐயோ, வேணாம்மா. அவன் இப்ப கறி தொட மாட்டான். காய்கறியா வாங்கிட்டுப் போங்க."

"ஏன்?"

"அவனே சொல்லலேன்னா நான் சொல்லுறது மரியாதையில்ல."

"போன வெள்ளிக்கிழமை காலையில அவன் லோரியை யாரு ஓட்டினது?"

"நான்தான். அவன் பரோல் ஆபீசுக்குப் போயிருந்தான். பாஸ்கிட்ட சொல்லிக்கல. அவரு வெள்ளிக்கிழமை காலையில கோல்ஃப் விளையாடப் போயிருவாரு, இங்க எட்டிக்கூடப் பாக்க மாட்டாரு."

அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இராமையா இல்ல."

"கோழிக்கறிக்கு வருத்தப்பட்டதால நல்லவரா? அப்படின்னா ஊர்ல பாதிக் கேஸை இப்படியே முடிச்சிரலாம்க்கா."

"முடிச்சிரலாம். கூட வா, வாயை மட்டும் மூடிக்கிட்டு."

சுப்பிரமணியத்தின் ஆபீஸ் அறையில் சுவர் தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் அவர் யாருக்கோ பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார், அல்லது யாரோ அவருக்குப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டி, தங்கக் கடிகாரம், நெற்றி நிறைய விபூதி. பரோல் அதிகாரி சந்திரிகா எங்களுக்கு முன்பே வந்து, பேனாவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். சிரிப்பில்லாத முகம். இந்த மாதிரி அறைகளில் நிறைய நேரம் உட்கார்ந்து சலித்தவர் என்பது தெரிந்தது. அக்கா போனில் முன்பே பேசியிருந்ததால் எங்களைத் தடுக்கவில்லை.

"மனசு கேக்கல மேடம்," என்று சுப்பிரமணியம் உருகினார். "தங்கச் செயின் மாதிரி வெச்சிருந்தேன் அந்தப் பையனை. நானும் லோரி ஓட்டி மேல வந்தவன். இப்ப ஸ்டியரிங்கைத் தொட்டுப் பத்து வருஷமாச்சு, எல்லாம் பொதுச்சேவைதான். என்னை மாதிரி அவனும் வரணும்னு நினைச்சேன். இப்படி முதுகுல குத்திட்டானே."

"போலீஸ் ரிப்போர்ட் செஞ்சீங்களா தலைவரே?" என்றார் அக்கா.

"எதுக்கு லா? போலீஸ்னா புதுக் கேஸ் ஆயிரும். பரோல்னா பழைய தண்டனையோட போயிரும். நான் அவன் நல்லதுக்குத்தான் பாத்தேன்."

ஜெயிலுக்கு அனுப்புவதிலும் சலுகை காட்டிய அந்த மகாத்மாவைப் பார்த்து எனக்கு வாய் அரித்தது. அக்கா என் காலை மிதித்தார்.

"வேற யாராச்சும் அவனை மாதிரியே எலுமிச்சம்பழம் வெச்சு, ஹாரன் அடிச்சு, ஏமாத்தியிருக்கலாமே?"

"யாரு செய்வா? அது அவன் பழக்கம்மா. ஒரு வெள்ளிக்கிழமை தப்பாது."

"போன வெள்ளிகூடவா?"

சுப்பிரமணியம் நாற்காலியில் சாய்ந்தார். பொய் சொல்கிறவனுக்கு உண்மையே பேசுகிறவனைவிட ஞாபக சக்தி அதிகம். "போன வெள்ளி நானே கண்ணால பாத்தேன். காலையில கோயிலைத் தாண்டிக் கார்ல போறேன், இவன் லோரியை நிறுத்திட்டு எலுமிச்சம்பழம் வெக்கிறான், குங்குமம் வெக்கிறான், விழுந்து கும்பிடுறான். நான் ஹாரன் அடிச்சேன். கையைக்கூடக் காட்டினான்."

சந்திரிகாவின் பேனா நின்றது.

"எழுதிக்குங்க மேடம், கையைக் காட்டினதையும்," என்றார் அக்கா. "தலைவரே, நீங்க கோயில் தலைவர், உங்களுக்குத்தான் தெரியும். தீட்டு இருக்கிறவங்க முனியாண்டி முன்னால இறங்கலாமா?"

கேள்வி எங்கே இருந்து வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. தலைவர் என்ற சொல் காதில் விழுந்தால் அவர் யோசிப்பதே இல்லை. "அதெப்படி இறங்கலாம்? சாவுத் தீட்டுன்னா பதினாறு நாள் கழிஞ்சு, கருமாதி முடிஞ்சு, தலைக்குத் தண்ணி ஊத்தினாத்தான் கோயில். வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. அதுவும் முனியாண்டி. லோரி ஓட்டுறவன் எவனும் அந்த விஷயத்துல விளையாட மாட்டான். கவுத்து விட்டுருவாரு."

"போன வெள்ளிக்கிழமை காலை முழுக்க மகேந்திரன் என் ஆபீஸ்ல இருந்தார்," என்றார் சந்திரிகா. குரல் உயரவில்லை. "கெர்லிங்ல அவரோட சித்தப்பா இறந்துட்டார். பிள்ளை இல்லாதவர். கெர்லிங் வேற மாவட்டம், அதனால சாவுக்குப் போக அனுமதி கேட்டார். அனுமதி வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரர் கொள்ளி வெச்சாராம். போன வெள்ளி கருமாதிக்காவது விடுங்கன்னு கேக்க வந்தார். நீங்க கோயில்கிட்ட யாருக்கு ஹாரன் அடிச்சீங்க?"

சுப்பிரமணியத்தின் முகத்தில் விபூதி மட்டும் அப்படியே இருந்தது. கீழே இருந்த மற்றதெல்லாம் தொங்கிவிட்டது.

"தேதி மாறியிருக்கும்," என்றார்.

"மாறல," என்றார் அக்கா. "இன்னிக்கும் அவனுக்குத் தீட்டு. ஞாயித்துக்கிழமைதான் கருமாதி. தாடி மழிக்கல, வீட்டுல விளக்கேத்தல, கறி தொடல. லோரிக்குப் பொட்டு வெச்சு முனியாண்டி முன்னால இறங்குற ஆளா அவன்? ஆனா அவன் மாதிரி நடிக்கணும்னு வந்தவருக்கு இது தெரியாது. பேப்பர் படத்தைப் பாத்து அப்படியே செஞ்சிட்டாரு. அவனை விட்டா, சாவி எடுக்கத் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. இராமையாவுக்கு அவன் வீட்டுச் சாவு தெரியும். அவரு நடிச்சிருந்தா கோயில்கிட்ட நிறுத்தியே இருக்க மாட்டாரு. தெரியாதது உங்களுக்கு மட்டும்தான் தலைவரே. சொல்ல வந்தவனைக் கையை ஆட்டித் தொரத்திட்டீங்க."

"குலை காணாமப் போறதா தோட்டத்துல ரொம்ப நாளா பேச்சு," என்று நான் சேர்த்துக்கொண்டேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "லோரிக்கு ஸ்பேர் டயர் வெச்சிருக்கிற மாதிரி, மாட்டினா மாத்திக்க ஒரு ஜெயில் ஆளையும் வெச்சிருந்தாரு. பங்கு கேப்பாங்கன்னு வேற டிரைவரை அனுப்பவும் மனசு வரல."

"என்னா பேச்சு பேசுற? ஆதாரம் இருக்கா?"

"பத்து வருஷமா நீங்க ஸ்டியரிங்கைத் தொடல. இப்பதான் மேடம் எழுதிக்கிட்டாங்க," என்றார் அக்கா. "விடிஞ்சதுல இருந்து அந்த லோரியில யாரும் ஏறல. போலீஸ் வந்து ரேகை எடுக்கட்டும்."

அவர் தன் இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். எங்கள் மூன்று பேர் கண்ணும் அந்தக் கைகளின் மேலேயே இருந்தது.

"நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்கு லா போலீசு," என்றார். "காசு, டுயிட் ஏதாச்சும் வேணும்னா..."

சந்திரிகா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

போலீஸ் வந்து சுப்பிரமணியத்தை ஏற்றிக்கொண்டு போனபோது மகேந்திரனும் பிரமிளாவும் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார்கள். தலைவர் ஜீப்பில் ஏறும்போதும் பழக்க தோஷத்தில் கைகூப்பினார். பிரமிளா அழுதாள். மகேந்திரன் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. சந்திரிகாவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மேடம், ஞாயித்துக்கிழமை கெர்லிங் போகலாமா? கொள்ளிதான் வெக்க முடியல."

சந்திரிகா பேனாவை மூடிக்கொண்டார். "அனுமதி எழுதத்தான் இருந்தேன். ஆனா பரோல்ல இருக்கிறவருக்கு வேலை இருக்கணும். வேலை இல்லாதவரை மாவட்டம் தாண்ட விட எனக்கு அதிகாரம் இல்ல. இந்த யார்டை இன்னிக்கே மூடிருவாங்க. உங்களுக்கு இப்ப முதலாளி இல்ல."

திருடனைப் பிடித்துக் கொடுத்தால் திருடாதவனுக்குத் தண்டனை. இந்தக் கணக்கைப் போட்ட அறிவாளி எந்த ஆபீசில் உட்கார்ந்திருக்கிறானோ தெரியவில்லை. மகேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான், பழகிப்போனவன் போல.

"முதலாளி இருக்காங்க," என்றார் அக்கா. "பேரு அம்சவள்ளி. துப்பறியும் ஆபீஸ், ரவாங். ஐயோ, ரவாங் வேற மாவட்டம்ல. சரி, கோல சிலாங்கூர் கிளைன்னு எழுதிக்குங்க. வேலை டிரைவர்."

"கிளை எங்க இருக்கு?" என்றார் சந்திரிகா.

"இந்தா நிக்குதே," என்று எங்கள் காரைக் காட்டினார் அக்கா. "குகா, சாவியைக் குடு."

"அப்ப நானு?"

"பின்னாடி உக்காந்து பேசு. உனக்கு அதுக்குத்தான் சம்பளம்."

கொடுத்தேன். மகேந்திரன் சாவியை வாங்கவே தயங்கினான். பிரமிளாதான் அவன் கையை நீட்ட வைத்தாள்.

சந்திரிகா காரின் முன்மூடியில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். "வேலை எப்ப ஆரம்பம்?"

"ஞாயித்துக்கிழமை காலையில. கெர்லிங்குக்கு."

"என்ன வேலையா?"

"செத்துப்போன ஒரு மனுஷனுக்குப் பிள்ளை இல்ல," என்றார் அக்கா. "ஒருத்தனைக் கொண்டுபோய் இறக்கி விடணும்."

சந்திரிகா தலையை நிமிர்த்தாமல் அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.